சீப்பு படாத ஒரு சாண்

கொம்போ இரும்புச் சீப்பை இழுத்தபோது ஆடு முதுகை நெளித்தது. அவன் மனைவி தோல்கோர் அதைப் பார்த்தாள். சீப்பின் வளைந்த பற்கள் போன வழியெல்லாம் தோல் சிவந்து கிடந்தது. உள்மயிர் தானாகக் கழன்று வரவில்லை, பிடுங்கியதால் வந்தது.

ஏப்ரல் தொடங்கி நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. கோபிப் பாலைவனத்தில் வெள்ளாட்டுக்குச் சீப்பு போட இன்னும் பத்து நாளாவது பொறுக்க வேண்டும். வெயில் தோலுக்குள் இறங்கி, கழுத்திலும் தோளிலும் உள்மயிர் மெத்தென்று மேலே எழும்பும். அப்போது சீப்பைச் சும்மா வைத்தாலே போதும், பஞ்சு மாதிரி கூடவே வந்துவிடும். ஆனால் கொம்போவின் அக்கா ஹந்த் முந்தின நாள் கைபேசியைத் தூக்கிக்கொண்டு குன்றின் உச்சிக்கு ஏறிப்போய், இப்படி ஒரு சேதியோடு இறங்கி வந்திருந்தாள்:

"மயிரு வாங்குற அவிர்மேத்தோட லாரி வர்ற புதன்கிழமை வருதாம். இந்தச் சீசனுக்கு ஒரே நடைதானாம். அப்ப மயிரு தயாரா இல்லேன்னா வெயில் காலம் வரைக்கும் கோணியிலயே கிடக்கும்னு சொல்லிட்டான்."

மறுநாள் விடியும்போதே கொம்போ ஆடுகளைப் பிடித்துப் படுக்கவைத்துக் காலைக் கட்ட ஆரம்பித்துவிட்டான். வீட்டில் இருந்த கயிறெல்லாம், ஒட்டகத்தின் முன்னங்காலைத் தளைக்கிற கயிறு உட்பட, ஆட்டுக் காலுக்குப் போயிற்று. மூன்று பேரும் மூன்று கம்பளத்தில் உட்கார்ந்து மூன்று நாளில் ஐம்பத்து மூன்று ஆடுகளைச் சீவி முடித்தார்கள். குட்டி போட்ட தாய் ஆடுகள்தான் எல்லாம். காயடித்த கிடாக்களும் இளசுகளுமாகப் பன்னிரண்டு மிச்சம்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஹந்த் தோல்கோரின் கோணியைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏண்டி ஆத்துக்காரி, உன் கோணி மட்டும் ஏன் இப்படி இளைச்சுப் போயிருக்கு? பாதியைத் தின்னுட்டியா?"

"எனக்குக் கிடைச்ச ஆடுங்க சின்னது அக்கா."

"ஆடு சின்னதா, கை சின்னதா?"

கொம்போ சிரித்தான். தோல்கோர் தலை குனிந்துகொண்டு சீப்பைத் துடைத்தாள். ஆடு சின்னதில்லை. அவள் சீவிய பதினெட்டு ஆடுகளிலும் இடுப்புக்கு மேலே, சிறுநீரகம் இருக்கிற இடத்தில், குறுக்காக ஒரு சாண் அகலத்துக்குச் சீப்பே படவில்லை. மேலே முரட்டு மயிர் மூடியிருந்ததால் பார்த்தால் தெரியாது, தொட்டால்தான் தெரியும். அவள் பிறந்த வடக்கே, குளிர் மே மாதம்கூட திரும்பி வரும் ஊரில், எல்லாரும் அப்படித்தான் விடுவார்கள். கோபிக்காரர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அவர்கள் பொறுமையாகக் காத்திருந்து, காலம் வந்ததும் ஆட்டை மொத்தமாகச் சீவுகிறவர்கள். காத்திருக்காத வருசத்திலும் கை பழகினபடியே மொத்தமாகத்தான் சீவிற்று.

'முதுகை விட்டுடுங்க' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை மூன்று நாளும் அவள் வாய் வரைக்கும் வந்து வந்து திரும்பியது.

ஆறு ஓடுகிற வடக்கிலிருந்து வந்தவள் என்று அவளுக்கு ஆத்துக்காரி என்ற பெயர் விழுந்து இருபத்தோரு வருசம் ஆகிறது. பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வந்து வண்டியிலிருந்து இறங்கியவள், சுற்றிலும் கறுப்புக் கூழாங்கல்லாகப் பரந்து கிடந்த சமவெளியைப் பார்த்துவிட்டு, "புல்லு எங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான். ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது, இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு மூடின வாய்தான். அதற்கு முன்பு, சின்ன வயதில், பள்ளிக்கூடத்தை நாலாம் வகுப்போடு நிறுத்தி ஆட்டுக்குப் பின்னால் அனுப்பிவிட்டார்கள், அப்போதும் அவள் அதிகம் பேசினதில்லை. பேசாதவர்களுக்குப் பார்க்க நிறைய நேரம் கிடைக்கும். தோல்கோர் பார்த்தாள்.

இலையே இல்லாத ஸக் மரம் பச்சைக் குச்சியாலேயே உயிர் வாழ்வதைப் பார்த்தாள். ஆவணியில் ஒரே ஒரு சாயங்காலம் மழை பெய்து, மூன்றாம் நாள் கூழாங்கல்லுக்கு நடுவே காட்டு வெங்காயம் பச்சைக் கம்பளமாக முளைத்து, அந்த வருசத்து ஆட்டுக்கறி முழுக்க வெங்காய வாசனை அடித்ததைப் பார்த்தாள். வறண்ட ஆற்றுப் படுகையில் காட்டுக்கழுதைகள் குளம்பால் மார்பளவு குழி தோண்டித் தண்ணீர் எடுப்பதையும், அவை போன பிறகு சிறுமானும் நரியும் வந்து அதே குழியில் குடிப்பதையும் பார்த்தாள். தத்திப் பாயும் எலி குளிர் வரும் முன்னே வளையின் வாயை உள்ளேயிருந்து அடைப்பதைப் பார்த்தாள். இந்த மண்ணில் தண்ணீர், நிழல், வழி எல்லாவற்றையும் முதலில் கண்டுபிடிப்பது மனிதர்கள் இல்லை என்பது அவளுக்கு மெல்லத் தெரிந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

பாடுவது மட்டும் உண்டு, அதுவும் ஆட்டுக்கு. குட்டியைச் சேர்க்காத தாய் ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, குட்டியை மடியில் முட்டவைத்து, "ச்சேக்... ச்சேக்... ச்சேகே..." என்று இழுத்து இழுத்துப் பாடுவாள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். கடைசியில் ஆடு கண்ணை மூடிக் குட்டியை மோந்து பார்க்கும். அந்த ஐம்பத்து மூன்றில் அவள் பாட்டைக் கேட்காத ஆடு ஒன்றுகூட இல்லை. யாராவது வந்தால் பாட்டு நின்றுவிடும்.

"மனுசங்ககிட்ட வாயில கறிக் கொழுக்கட்டையை வெச்சுக்கிட்டு நிப்பா. ஆட்டுக்கு மட்டும் கச்சேரி" என்பாள் ஹந்த்.

செவ்வாய்க்கிழமை காலையில் தேநீர் குடிக்கும்போது தோல்கோர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் இந்நேரம் கல்கௌதாரிகள் கூட்டம் கூட்டமாகத் தலைக்கு மேலே தண்ணீருக்குப் பறந்து போகும். இன்றைக்கு ஒன்றுகூட இல்லை.

"இன்னைக்குக் கௌதாரி வரல" என்றாள்.

கொம்போ உப்புத் தேநீரை ஊதி ஊதிக் குடித்தான். "அதுக்கு வேற ஊர்ல வேலை இருக்கும்" என்றான். கிணற்றில் மண் சரிந்து தண்ணீர்த் தொட்டி அடைத்துக் கிடந்தது. அவன் மோட்டார் சைக்கிளில் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு வடக்கே போனான். பிள்ளைகள் இரண்டும் மாவட்டத் தலைநகரில் பள்ளி விடுதியில். குட்டிகளைப் பார்த்துக்கொள்ள ஹந்த் வீட்டில், கம்பளிக் கூடாரத்தில், இருந்தாள். தோல்கோர் மொட்டைக்காது ஒட்டகத்தின் மேல் ஏறி, அறுபத்தைந்து வெள்ளாட்டையும் நூறு செம்மறியையும் தெற்கே மேய்ச்சலுக்கு ஓட்டினாள்.

பத்து மணி வாக்கில் காட்டுக்கழுதைகள் போயின. இருபது இருக்கும். எப்போதும் மனித வாடை பட்டாலே புழுதி கிளம்ப ஓடுகிறவை, இன்று அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வரிசையாக மேற்கே போய்க்கொண்டிருந்தன. மேற்கே என்ன இருக்கிறது? வறண்ட ஆறு. அதைத் தாண்டினால் ஸக் மரக்காடு. வடக்கே திரும்பிப் பார்த்தாள். வானத்தின் அடியில் ஒரு மஞ்சள் கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு புழுதிச் சுவராயிற்று.

வீடு வடக்கே, ஒன்றரை மணி நேர நடை. சுவர் வரும் வேகத்துக்கு வீடு போய்ச் சேர முடியாது. எதிர்க்காற்றில் ஆடு ஒரு அடி எடுத்து வைக்காது. காற்று அடித்தால் ஆடும் செம்மறியும் முதுகைக் காட்டிக்கொண்டு அதோடே போகும். தெற்கே போகும். தெற்கே முப்பது கிலோமீட்டருக்குக் கூழாங்கல்தான், ஒரு மேடு கிடையாது, ஒரு புதர் கிடையாது. செம்மறி உடம்பில் முழு மயிர் இருக்கிறது. ஓடும், களைக்கும், எங்காவது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும், பிழைத்துவிடும். சீவின வெள்ளாடு மழைத் துளி விழுந்த ஒரு மணி நேரத்தில் கால் மடக்கும். ஐம்பத்து மூன்று தாய், வீட்டில் ஐம்பத்து மூன்று குட்டி.

முதல் காற்று வந்து அறைந்தபோது மந்தை மொத்தமும் ஒரே உடம்பு போலத் தெற்கே திரும்பியது.

தோல்கோர் ஒட்டகத்தை முட்டிபோட வைத்துக் குதித்து இறங்கினாள். மந்தைக்கு முன்னால் போகிற கிடா வெள்ளைத்தாடி. அதன் கொம்பைப் பிடித்தாள். கட்டக் கயிறு வேண்டும். தளைக்கயிறு வீட்டில், ஆட்டுக் காலிலிருந்து அவிழ்த்துப் போட்டபடியே கிடக்கிறது. அங்கியின் மேல் சுற்றியிருந்த இடைக்கச்சையை உருவினாள். பட்டன் வரைக்கும் அங்கி விரிந்து காற்று மார்புக்குள் புகுந்தது. கச்சையின் ஒரு முனையைக் கிடாவின் கொம்பிலும் மறு முனையைச் சேணத்திலும் கட்டினாள். ஒட்டகத்தின் மூக்குக் கயிற்றைத் தோளில் போட்டு மேற்கே இழுத்தாள்.

வெள்ளைத்தாடி இழுபட்டு வந்தது. மற்றவை வரவில்லை. செம்மறிகள் ஏற்கெனவே மங்கலாகத் தெரிந்தன. நடுவில் வெள்ளாடுகள் அங்கே பாதி இங்கே பாதியாகத் தயங்கின.

அவள் பாடினாள்.

முதலில் குரல் வெளியே வரவில்லை. காற்று வாய்க்குள் மண்ணைத் திணித்தது. துப்பிவிட்டு மறுபடி பாடினாள். "ச்சேக்! ச்சேகே! ச்சேக்!" பட்டிக்குள் முணுமுணுக்கிற பாட்டு இல்லை இது. தொண்டை கிழிகிற கத்தல். வாழ்க்கையில் அவள் அவ்வளவு சத்தம் போட்டதே கிடையாது. ஒரு கறுப்பு ஆடு தலையைத் தூக்கியது, அவள் பக்கம் வந்தது. அதன் பின்னால் இரண்டு. பிறகு பத்து. மயிர் போன உடம்புகள் அவள் முழங்காலில் இடித்துக்கொண்டு நெருங்கின.

செம்மறிகளைத் திரும்பிப் பார்த்தாள். நூறு செம்மறி. கொம்போவின் அப்பா காலத்திலிருந்து வருகிற மந்தை. அவற்றைத் திருப்பப் போனால் இவை சிதறும்.

"போங்க" என்றாள். போய்விட்டன.

அப்புறம் எதுவும் தெரியவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்குச் செங்கல் சூளைக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. தன் கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. திசைக்கு ஒரே ஒரு துணைதான் இருந்தது. காற்று வடக்கிலிருந்து வருகிறது. மேற்கே போக வேண்டுமானால் அது வலது கன்னத்தில் அடிக்க வேண்டும். நேராக வலது கன்னத்தில். அவள் கன்னத்தைக் கொடுத்துக்கொண்டு நடந்தாள். பொடிக்கல் தோலைக் கிள்ளியது. மொட்டைக்காது மூக்கைச் சாத்திக்கொண்டு, இரட்டை இமையை இறக்கிக்கொண்டு, ஓயாமல் காற்றுக்கு எதிராகத் திரும்பப் பார்த்தது. ஒட்டகத்தின் குணம் அது. ஒவ்வொரு தடவையும் இழுத்துச் சரிசெய்தாள். பாட்டை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பின்னால் இருப்பவற்றுக்கு அவள் எங்கே என்று தெரியாது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. வறண்ட ஆறு எங்கே? இந்நேரம் கால் பள்ளத்தில் இறங்கியிருக்க வேண்டும். மணல் மிதிபட்டிருக்க வேண்டும். இன்னும் கூழாங்கல்தான் கரகரக்கிறது.

நின்றாள். நிற்கிறது ஆபத்து, ஆனாலும் நின்றாள். குனிந்து தரையைத் தடவிக்கொண்டு போய் ஒரு முள்புதரைக் கண்டுபிடித்தாள். இங்கே ஒவ்வொரு புதருக்குப் பின்னாலும் மணல் ஒரு வாலாகப் படிந்திருக்கும். வருசம் முழுக்க அடிக்கிற காற்று படிய வைத்த வால், வேர் ஓடி இறுகினது. ஒரு நாள் புயலுக்கு அசையாது. அந்த வால் எப்போதும் தென்கிழக்கைக் காட்டும். இருபத்தோரு வருசம் மேய்ச்சலில் உட்கார்ந்து பார்த்த விஷயம், எதற்கும் உதவாது என்று நினைத்த விஷயம். இரண்டு கையாலும் அந்த மேட்டைத் தடவினாள். பிறகு எழுந்து முகத்தைக் காட்டினாள். காற்று வாலின் மேலேயே, அதே கோட்டில் போய்க்கொண்டிருந்தது.

காற்று திரும்பிவிட்டது. வடக்கே இல்லை, வடமேற்கு. வலது கன்னத்தை நம்பி அவள் தென்மேற்கே போய்க்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் காடு வடக்கே தங்கிவிட்டிருக்கும், அவள் கூழாங்கல்லுக்குள் போயிருப்பாள்.

இப்போது விட்ட தூரத்தைப் பிடிக்கக் கிட்டத்தட்ட காற்றின் முகத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். மூக்கில் அடிக்க வேண்டும் காற்று. ஆடுகள் அதைச் செய்யுமா? ஒட்டகம் செய்யும். "உனக்குப் பிடிச்ச வழிதான், நட" என்று மொட்டைக்காதை முன்னால் விட்டாள். அது சந்தோஷமாகத் தலையைத் தாழ்த்திக்கொண்டு போயிற்று. அதன் பெரிய உடம்புக்குப் பின்னால் ஒரு முழம் அகலத்துக்குக் காற்று குறைந்தது. ஆடுகள் அந்த ஒரு முழத்துக்குள் அடித்துப் பிடித்துக்கொண்டு நுழைந்தன. பக்கவாட்டில் அவள் நடந்தாள், பாடினாள்.

முதல் ஈரம் அப்போது விழுந்தது. துளி இல்லை, சேறு. பனியும் மண்ணும் ஒன்றாகக் கலந்து முகத்தில் ஒட்டியது. ஐந்து நிமிடத்தில் ஒரு ஆடு படுத்தது. தூக்கி நிறுத்தினாள். பத்து அடி போய் மறுபடி படுத்தது. அதன் முதுகைத் தடவினாள். முரட்டு மயிருக்கு அடியில் முழுக்க வெறும் தோல். ஒரு சாண் இல்லை. அங்கியைக் கழற்றி அதன் மேல் போட்டால்? போட்டுவிட்டு அவள்? ஆட்டின் காதை ஒரு தடவை பிடித்துவிட்டு எழுந்தாள். இரண்டாவது விழுந்தபோது நிற்கவில்லை. மூன்றாவது விழுந்தபோது பார்க்கவில்லை.

கால் சட்டென்று கீழே இறங்கியது. மணல். வறண்ட ஆறு. அந்தக் கரை ஏறும்போது கையில் ஒரு கிளை பட்டது. இலையில்லாத, முறுக்கின, கல் மாதிரிக் கனத்த கிளை. அவள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

காட்டுக்குள் காற்று பாதி. மரங்களின் அடியில் மணல் மேடு மேடாகக் குவிந்து நடுவில் பள்ளங்கள் இருந்தன. ஒரு பள்ளத்தில் காட்டுக்கழுதைகள் ஒட்டி நின்றன. கைக்கெட்டும் தூரம். ஓடவில்லை. காதை மட்டும் அவள் பக்கம் திருப்பின, மறுபடி கண்ணை மூடிக்கொண்டன. அவள் அடுத்த பள்ளத்துக்கு ஆடுகளை இறக்கினாள். திறந்த பக்கத்தில் மொட்டைக்காதைப் படுக்கவைத்தாள். மயிர் உள்ள பன்னிரண்டையும் வெளி வட்டத்துக்குத் தள்ளி, சீவினவற்றை உள்ளே திணித்தாள். ஸக் விறகைக் கோடரி வெட்டாது, கல்லில் அடித்தால் கண்ணாடி மாதிரி உடையும். காய்ந்து விழுந்த கட்டைகளை ஒவ்வொன்றாகக் கல்லில் அடித்து உடைத்தாள். பூட்சுக்குள் வைத்திருந்த தீப்பெட்டியில் ஒன்பதாவது குச்சி பிடித்தது. ஸக் விறகு பிடித்துக்கொண்டால் நிலக்கரி போல நின்று எரியும். விடியும் வரைக்கும் அவள் கட்டையை உடைப்பதும், ஆடுகளை உள்ளும் வெளியும் மாற்றி மாற்றித் தள்ளுவதும், பாடுவதுமாக இருந்தாள். உள்ளே வந்த பிறகும் நாலு ஆடு போயிற்று.

விடிந்தபோது வானம் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நீலமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சேர உச்சிவெயில் ஆயிற்று. கூடாரம் நின்றது. ஒரு பக்கக் கம்பளி கிழிந்து தொங்கியது. உள்ளே, உச்சி வளையத்திலிருந்து தொங்கும் நடுக்கயிற்றைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, ஐம்பத்து மூன்று குட்டிகளுக்கு நடுவே ஹந்த் உட்கார்ந்திருந்தாள். கூடாரம் பறக்காமல் இருக்க நேற்று மதியம் கட்டிக்கொண்டவள், இன்னும் அவிழ்க்கவில்லை. வெளியே தாய்களின் சத்தம் கேட்டதும் குட்டிகள் அவளை மிதித்துக்கொண்டு ஓடின.

ஹந்த் வாசலுக்கு வந்தாள். தோல்கோரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். கச்சை இல்லாமல் அங்கி திறந்து கிடந்தது. முகத்தில் வலது பக்கம் முழுக்க ரத்தம் காய்ந்திருந்தது.

"செத்துட்டேன்னு நெனச்சேன்டி" என்றாள். பிறகு அவளைத் தோளில் அடித்தாள். மறுபடி அடித்தாள். "காத்து நின்னதும் செம்மறி தானாத் திரும்பி வந்துச்சு, நீ வரல. அவன் ராத்திரியே உன்னைத் தேடித் தெற்கயே போயிட்டான். பெட்ரோல் தீர்ந்து வண்டியப் போட்டுட்டு இப்பத்தான் நடந்து வந்தான். ஆடு காத்தோட போகும், ஆட்டுக்காரியும் காத்தோட போவான்னு எல்லாரும் நெனைப்பாங்களா இல்லையா? நீ ஏன்டி குறுக்க போன?"

தோல்கோர் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. காற்று மட்டும் வந்தது.

"என்ன?"

அவள் தொண்டையைக் காட்டினாள்.

"குரல் போயிடுச்சா?" ஹந்த் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. "இருந்த ஒரு துளிக் குரலையும் ஆட்டுக்குக் குடுத்துட்டியா?"

கொம்போ பட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தான். கண் இரண்டும் புண்ணாயிருந்தது. அவள் முன்னால் நின்றான். அவளது அங்கியின் திறந்த பக்கத்தை இழுத்து மூடிவிட்டான். ஆடுகளை எண்ணினான். ஐம்பத்தெட்டு.

ஏழு போயிற்று. அவன் இன்னொரு ஒட்டகத்தில் ஏறி, தோலை உரித்து வரக் காட்டுப் பக்கம் போனான். சாயங்காலம்தான் திரும்பினான். தோல்களை இறக்கிவிட்டு உள்ளே வராமல் நேரே பட்டிக்குப் போனான். தோல்கோர் கம்பளியைத் தைத்துக்கொண்டே கிழிசல் வழியாகப் பார்த்தாள். கொம்போ ஒவ்வொரு ஆடாகப் பிடித்து, மேல் மயிரை விலக்கி, இடுப்புக்கு மேலே தடவிக்கொண்டிருந்தான். சிலவற்றில் கை நின்றது. அந்த இடத்தில் விரலைப் புதைத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். எண்ணிக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

உள்ளே வந்து அடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான்.

"செத்த ஏழுல ஆறு முழுசாச் சீவினது. பதினேழு ஆட்டுல ஒரு சாண் மயிரு இருக்கு. அது உன் கைதானே?"

அவள் தலையசைத்தாள்.

"மயிரு எழும்பலன்னு உனக்குத் தெரியும்."

தலையசைத்தாள்.

"ஏன் சொல்லல?"

அடுப்பில் தேநீர் கொதித்தது. ஹந்த் மூக்குப்பொடிக் குப்பியைத் திறந்தவள் திறந்தபடியே வைத்திருந்தாள். சொல்ல எவ்வளவோ இருந்தது. கௌதாரி, கழுதை, 'புல்லு எங்க' என்று கேட்ட நாள், எல்லாரும் சிரித்தது. குரல் இருந்திருந்தாலும் அவள் அதைச் சொல்லியிருப்பாளா என்று அவளுக்கே தெரியாது.

"நாம கேட்டிருந்தாத்தானே சொல்லுவா" என்றாள் ஹந்த், பொடியை உறிஞ்சிக்கொண்டு. அவள் அப்படிப் பேசியதை அந்தக் கூடாரம் முன்பு கேட்டதில்லை.

அவிர்மேத் புதன்கிழமை வரவில்லை. புயலில் அவன் லாரியும் எங்கேயோ சிக்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைதான் நீல லாரி குன்றைச் சுற்றிக்கொண்டு வந்தது. பருத்த ஆள், எப்போதும் அவசரம். மூன்று கோணியையும் தூக்கிப் பார்த்தான், உள்ளே கைவிட்டுப் பார்த்தான். பட்டியில் நின்ற கிடாக்களைப் பார்த்தான்.

"அந்தப் பன்னெண்டையும் சீவிடலாமே கொம்போ. நான் ரெண்டு மணி நேரம் இருப்பேன். ஒரு டீயைக் குடிச்சிட்டு ஆளுக்கு நாலு ஆடுன்னா முடிஞ்சுது. கோணியும் நிறையும்."

இரும்புச் சீப்பு கூடாரத்தின் மரச் சட்டத்தில் செருகியிருந்தது. கொம்போ பழக்கத்தில் அதை எடுத்துவிட்டான். எடுத்தவன் அப்படியே நின்றான். திரும்பித் தோல்கோரைப் பார்த்தான். ஹந்த்தும் பார்த்தாள். என்ன நடக்கிறதென்று புரியாமல் அவிர்மேத்தும் பார்த்தான்.

மூன்று பேர் தன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பது தோல்கோருக்குப் பழக்கமில்லை. காது சூடாயிற்று. பட்டிக்குள் போனாள். வெள்ளைத்தாடியின் கழுத்தில் கையை விட்டாள், பிறகு தோளில், பிறகு வயிற்றோரம். விரல் நுனியால் மயிரின் வேரைத் தேடினாள். இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தது. அடுத்த ஆட்டுக்குப் போனாள், அதற்கடுத்ததற்கும். பன்னிரண்டையும் பார்த்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று. அவிர்மேத் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"உங்க வீட்டம்மா என்ன பண்றாங்க, ஆட்டுக்கு வைத்தியமா?"

"சும்மா இருங்க" என்றாள் ஹந்த்.

தோல்கோர் திரும்பி வந்தாள். சொல்ல வாயைத் திறந்தாள். கரகரவென்று ஒரு ஓசைதான் வந்தது.

ஹந்த் தொடையில் தட்டிக்கொண்டாள். "இருபத்தோரு வருசமா பேசுடி பேசுடின்னு கெஞ்சினோம். இப்ப பேச வர்றா, தொண்டை இல்ல!"

தோல்கோர் கொம்போவின் கையிலிருந்து சீப்பை வாங்கினாள். குனிந்து, தன் வலது பூட்சுக்குள், தீப்பெட்டி இருக்கும் இடத்தில், கைப்பிடி வரைக்கும் அதைச் செருகினாள். நிமிர்ந்தாள். இரண்டு கையையும் விரித்துப் பத்து விரலைக் காட்டினாள்.

கொம்போ வியாபாரியின் பக்கம் திரும்பினான்.

"பத்து நாள் கழிச்சு வாங்க" என்றான்.

"நான் ஒரே நடைன்னு சொன்னேனே! பத்து நாள் கழிச்சு நான் எங்க வர்றது?"

"வரலைன்னா மயிரு ஆட்டு மேலயே இருக்கட்டும். ஆட்டுக்குத்தானே அது."

அவிர்மேத் முணுமுணுத்துக்கொண்டே கோணிகளை லாரியில் ஏற்றினான். தேநீர் குடிக்காமல் போக முடியாது என்பதால் உள்ளே வந்து உட்கார்ந்தான். தோல்கோர் கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். நடக்கும்போது பூட்சுக்குள் சீப்பின் முனை கெண்டைக்காலைக் குத்தியது. அவள் அதை எடுக்கவில்லை.

வெளியே, தலைக்கு மேலே, கல்கௌதாரிகள் சத்தம் போட்டுக்கொண்டு வடக்கே தண்ணீருக்குப் போயின. கொம்போ கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய்த் தலையை உயர்த்தி, அவை மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றான்.